விதியைச் செய்தவர் யார்?

மாயப்புனைவு எழுதுவோர் கையில் மலிவான சரக்கு ஒன்று எப்போதும் உண்டு. ஒரு மடம் அல்லது ஒரு சங்கம். அதன் தலைவர்கள் இல்லறம் துறந்தவர்கள். அவர்களுள் ஒருவர் இரகசியமாகக் காதலிக்கிறார். இவ்வளவு போதும். பிடிபடுவாரா, தப்புவாரா, காதலா, கடமையா என்ற ஊசலாட்டத்திலேயே கதை ஓடி முடிந்துவிடும். அந்தப் பிரமச்சரிய விதியை யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள், யாருடைய நன்மைக்காகச் செய்தார்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. மலையும் கடலும் போல அது அங்கே முன்னமே இருக்கிறது. இந்தச் சோம்பலின் மீதுதான் எனக்குக் கோபம்.

எங்கள் தலைமுறைக்கு இந்தச் சரக்கை அறிமுகம் செய்தவர் கல்கி. அது வரலாற்றுப் புனைவு என்றாலும் 'சிவகாமியின் சபத'த்து நாகநந்தியை மறந்தவர் எவர்? காதல் கொண்ட அந்தப் பௌத்த துறவி வில்லனாகத்தான் முடிய வேண்டியிருந்தது. இன்றைய கதைகளில் அதே துறவி கதாநாயகனாகிவிட்டார். விதி மட்டும் அசையாமல் நிற்கிறது.

உலகறிந்த உதாரணம் ஜோர்ஜ் லூக்காஸின் 'ஸ்ரார் வோர்ஸ்'. அதில் வரும் ஜெடாய்களை வெறும் வாள்வீரர் என்று எண்ணிவிடக் கூடாது. 1977 இல் வெளிவந்த முதற் படத்திலேயே அவர்களுடைய நெறி ஒரு பழைய மதம் என்றுதான் பேசப்படுகிறது. அவர்களுக்குப் பற்று விலக்கப்பட்டது, திருமணமும் விலக்கப்பட்டது. 2002 இல் வந்த படத்தில் அனக்கின் என்ற இளம் ஜெடாய், பட்மே என்ற செனற்றரை மறைவாக மணக்கிறான். சாட்சிக்கு நிற்பவை இரண்டு ரோபோக்கள். 2005 இல் வந்த படத்தில், அவள் பிரசவத்தில் இறப்பதாக அவனுக்குக் கனவு வருகிறது. மூத்த குருவான யோடாவிடம் போகிறான். யாரைப் பற்றிய கனவு என்று அவனால் சொல்ல முடியாது. சொன்னால் திருமணம் வெளிப்பட்டுவிடும். ஆகவே பற்றை விடப் பழகு என்ற பொது உபதேசம் ஒன்றை வாங்கிக்கொண்டு எழுந்து போகிறான்.

படத்திலே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் இடம் இதுதான். உதவி கேட்டு வந்த ஒருவனின் வாயை அவனுடைய சொந்தச் சங்கத்தின் விதியே அடைத்திருக்கிறது. குருவிடம் சொல்ல முடியாததைச் சதிகாரனான பல்பற்றீனிடம் சொல்கிறான். பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். பற்று மனிதனைக் கெடுக்கும் என்ற பாடத்தோடு படம் நம்மை வீட்டுக்கு அனுப்புகிறது. கண்ணால் கண்டதோ, மறைத்தே தீரவேண்டிய நிலை அவனைக் கெடுத்ததை!

விலை கொடுத்தவள் யார் என்றும் பார்க்க வேண்டும். பட்மே இறக்கிறாள். குழந்தைகள் பிறந்துவிட்டதை மறைப்பதற்காக, இன்னும் கர்ப்பிணி போலவே அவளுடைய உடலைச் சோடித்து இறுதி ஊர்வலம் நடத்துகிறார்கள். பாடையிலும் இரகசியம் காக்கப்படுகிறது. 'குளோன் வோர்ஸ்' தொடரிலும் இதே கதைதான். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சங்கத்தை விட்டே வந்திருப்பேன் என்று ஒபி-வான், சற்றீன் என்ற ஆட்சித் தலைவியிடம் கூறும் காட்சி 2010 இல் ஒளிபரப்பானது. 2013 இல் ஒளிபரப்பான கதையில் அவள் அவன் கண்முன்னே கொல்லப்படுகிறாள். துறவியின் மனப்போராட்டத்துக்கு ஆழம் சேர்க்க ஒரு பெண்ணின் சாவு வேண்டியிருக்கிறது. இன்னுமொன்று: ஜெடாய்கள் பெரும்பாலும் கைக்குழந்தைகளாகவே சங்கத்துக்கு எடுக்கப்படுகிறார்கள். ஒன்பது வயது அனக்கினைச் சேர்ப்பதற்கே 'வயது கடந்துவிட்டது' என்று தயங்கினார்கள். பேசத் தெரியாத பருவத்தில் தலையில் ஏற்றப்பட்டதை விரதம் என்று சொல்லலாமா?

மெய்யான வரலாறு இவ்வளவு மங்கலாக இல்லை. மேற்குத் திருச்சபையில் குருமாரின் திருமணம் செல்லாது என்று தீர்த்துச் சொன்னது 1139 இல் கூடிய இரண்டாம் இலாத்தரன் பொதுச்சங்கம். குருவின் பிள்ளைகள் கோயிற் சொத்துக்கு வாரிசாகிவிடுவார்கள் என்ற அச்சமும் அந்த நீண்ட விவாதத்தில் கலந்திருந்தது. யப்பானில் பௌத்த குருமார் மணம் செய்யலாம் என்று 1872 இல் அனுமதித்தது மெய்ஜி அரசாங்கம். நம் சைவக் கோயில்களிலோ பூசை செய்யும் குருக்கள் இல்லறத்தாராக இருக்கவேண்டும், ஆதீனகர்த்தர் துறவியாக இருக்கவேண்டும். ஆளும் ஆண்டும் காரணமும் இல்லாத விதி எந்தச் சமயத்திலும் கிடையாது. கற்பனை உலகங்களுக்கு வரைபடமும் மொழியும் நாணயமும் வகுத்துத் தரும் எழுத்தாளர்கள் இதை மட்டும் ஏன் வகுப்பதில்லை?

கதைதானே, இதற்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆசிரிய பீடங்களில் நெடுங்காலம் இருந்தவன் நான். சமயப் பெரியவர் ஒருவரைப் பற்றிய முறைப்பாடு வரும்போது, அது அவருடைய அந்தரங்கம், சமயத்தின் மானம் போய்விடும் என்ற இரண்டு சொற்றொடர்களால் அது மேசையிலேயே புதைக்கப்படுவதைக் கண்டிருக்கிறேன். மனமொத்த இருவரின் காதலையும், அதிகாரம் உள்ளவர் தன்னை அண்டிவந்த ஒருத்தியை வசப்படுத்துவதையும் அப்போது எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் 'இரகசியக் காதல்' என்ற ஒரே பெயர்தான். முறையிட வந்தவள் வந்த வழியே திரும்பிப் போவாள். அந்தப் பெயருக்கு மெருகு ஏற்றித் தருபவை இத்தகைய கதைகள்.

விதிவிலக்குகள் உண்டு. பிலிப் புல்மனின் மேரி மலோன் ஒரு கன்னியாஸ்திரி, பௌதிகவியலாளர். தன் மனம் மாறியதை உணர்ந்ததும் அவள் மறைவாகக் காதலன் தேடவில்லை. கழுத்திலிருந்த சிலுவையைக் கழற்றிக் கடலில் எறிந்துவிட்டு வெளியேறுகிறாள். 2000 இல் வந்த நூலில் அதை இரண்டு சிறுவர்களுக்குக் கூச்சமின்றிச் சொல்கிறாள்.

ஆனால் நான் பெரிதாக மதிப்பது உர்சுலா லெ குவினை. 1968 முதல் 1972 வரை வெளிவந்த அவருடைய 'ஏர்த்சீ' நூல்கள் மூன்றிலும் மந்திரவாதிகள் பிரமச்சாரிகள், அவர்களுடைய ரோக் தீவுக் கல்லூரியில் பெண்களுக்கு இடமில்லை. அது ஏன் என்று அவரும் அங்கே கேட்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990 இல் 'தெஹானு'வில் கேட்டார். சக்தி முழுவதையும் இழந்த முன்னாள் பெருமந்திரவாதி கெட், விதவையான தெனாரின் வீட்டில் ஒதுங்குகிறான். அவளோ ஐந்து வயதில் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டு, பெயரும் பறிக்கப்பட்டுப் பூசாரிணியாக வளர்க்கப்பட்டு, பின்னர் அதை விட்டு வெளியேறியவள். மந்திரவாதிகள் பிரமச்சாரிகளாக இருப்பது அவர்கள் தங்களுக்கே இட்டுக்கொண்ட ஒரு மந்திரக்கட்டு என்று ஊர்ச் சூனியக்காரி ஒருத்தி அவளுக்கு விளக்குகிறாள். நடுவயது கடந்த இருவரும் ஒளிவுமறைவின்றிச் சேர்ந்து வாழத் தொடங்குகிறார்கள். வீரம் குறைந்துவிட்டது என்று அந்நூலைப் பார்த்து முகம் சுளித்த வாசகர்கள் பலர்.

லெ குவின் அதோடும் விடவில்லை. 2001 இல் வெளிவந்த 'ஏர்த்சீக் கதைகள்' என்ற தொகுப்பில் விதியின் பூர்வீகத்தையே தோண்டினார். ரோக் கல்லூரியை நிறுவியவர்களுள் பெண்களும் இருந்தார்கள். ஹல்கெல் என்ற முதலாவது பெருமந்திரவாதியின் காலத்திலேயே அவர்கள் விலக்கப்பட்டார்கள். அதாவது விதிக்கு ஓர் ஆள் இருந்தான், ஒரு காலம் இருந்தது. அதே தொகுப்பின் இறுதிக் கதையில் இரியன் என்ற பெண் ஆணுடை தரித்துக் கல்லூரி வாயிலுக்கு வருகிறாள். காவலர் அவளை உள்ளே விடுகிறார். ஆசான்கள் இரண்டாகப் பிளவுபடுகிறார்கள்.

மூன்றாம் நூலோடு லெ குவினை மூடி வைத்தவர்கள், மிச்சத்தையும் வாசித்துவிட்டு வரட்டும். பிறகு ஜெடாய்களைப் பற்றிப் பேசுவோம்.