பனியன் ஊருக்கு எந்த அனிமே?

அனிமே பார்க்கும் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருத்தன் வந்து "நல்ல சீரிஸ் ஏதாவது சொல்லுடா" என்று கேட்டால் போதும், "நருட்டோ பாரு, ஒன் பீஸ் பாரு" என்று தலையில் கட்டிவிடுவார்கள். கேட்டவன் யார், அவனுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கிலேயே வராது.

கணக்கு என்றதும் ஒரு சின்னக் கணக்கு. நருட்டோ 220 எபிசோடு. அதன் தொடர்ச்சி ஷிப்பூடன் 500. மொத்தம் 720. தினம் ஒன்று பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு வருஷம்! 1999-ல் ஆரம்பித்த ஒன் பீஸ் 1100-ஐத் தாண்டியும் முடிந்தபாடில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு மேல் வீட்டுக்கு வருகிறவனுக்கு இதைச் சொன்னால் அது தண்டனைதான். இரண்டும் மோசமான தொடர்கள் என்று அர்த்தமில்லை. ஊருக்கெல்லாம் ஒரே சைஸில் பனியன் தைத்தால் விற்குமா? அவ்வளவுதான் விஷயம்.

சரி, திருப்பூர்க்காரர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இரண்டு தொடர்கள் இருக்கின்றன.

முதலாவது, ஸ்பைஸ் அண்ட் உல்ஃப். இசுனா ஹசெகுராவின் நாவல் வரிசை 2006-ல் தொடங்கியது. 2008-ல் அனிமேயாக வந்தது. 2024-ல் முதலிலிருந்து மறுபடி எடுத்து 25 எபிசோடு வந்தது. லாரன்ஸ் ஊர் ஊராக வண்டி ஓட்டிப் போகும் வியாபாரி. கூட வருவது ஹோலோ என்ற ஓநாய் தெய்வம். சண்டை ரொம்பக் கம்மி. பேரம், கடன், நாணயத்தில் எவ்வளவு வெள்ளி என்ற விவகாரம், இதுதான் கதை. ஒரு கட்டத்தில் லாரன்ஸ் கையில் இருக்கும் காசுக்கு மேல் கடன் வாங்கிப் போர்க்கவசம் வாங்குகிறான். வருஷா வருஷம் நடக்கும் வடக்குப் படையெடுப்பு அந்த வருஷம் பார்த்து ரத்தாகிறது. கவசத்தின் விலை அதல பாதாளத்துக்குப் போகிறது. கடன் மட்டும் அப்படியே நிற்கிறது. தெரிந்தவர்கள் கதவையெல்லாம் தட்டுகிறான்.

2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூரில் நடந்ததும் இதுதானே? நூல் வாங்கியாச்சு, துணி ஓட்டியாச்சு, பையர் "நிறுத்தி வை" என்கிறான். பேங்க் வட்டி நிற்குமா? எங்கோ யாரோ எடுத்த முடிவு ஒரு சின்ன வியாபாரியை எப்படிக் கவிழ்க்கும் என்பதை இவ்வளவு தெளிவாக எந்த பி.காம் பாடப்புத்தகமும் சொன்னதில்லை.

இரண்டாவது, ஷிரோபாகோ. 2014 அக்டோபரில் தொடங்கிய 24 எபிசோடு. அனிமே தயாரிக்கும் கம்பெனியைப் பற்றிய அனிமே. நாயகி மியாமோரிக்கு வரையும் வேலை இல்லை. வரைபவர்களிடம் போய் வேலையை வாங்கி வந்து, அடுத்த கைக்குச் சேர்ப்பதுதான் அவள் வேலை. பாதி வேலை வெளியே ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் மொத்தமும் தள்ளிப் போகும். டிவியில் போடும் தேதியோ தள்ளாது.

நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம் என்று பைக்கில் அலையும் மெர்ச்சண்டைசர் யாராவது இதைப் பார்த்தால், இது நம்ம கதையாச்சே என்பார். அங்கே ஒளிபரப்புத் தேதி, இங்கே ஷிப்மென்ட் தேதி. தப்பினால் ஏர் ஃப்ரைட்டில் லாபம் பறந்துவிடும்.

ஊர் முழுக்க லஃபி படம் போட்ட டீஷர்ட் போட்டுத் திரிகிறது. அந்த டீஷர்ட்டைத் தைக்கிற கைக்கும் ஓர் அனிமே வேண்டாமா? அடுத்த தடவை யாராவது கேட்டால், பட்டியலை நீட்டும் முன் "என்ன வேலை பார்க்கறீங்க, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்க?" என்று கேளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

டிஸ்கி: ஷிப்மென்ட் வாரத்தில் மட்டும் ஷிரோபாகோ பார்க்க வேண்டாம். டென்ஷன் டபுளாகும் :-)