கையால் செய்த பரிசு



நண்பனுக்குப் பிறந்த நாள். வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். உடனே உங்கள் மனதில் என்ன ஓடுகிறது? 'என்ன பரிசு வாங்கலாம்? அப்பாவிடம் எவ்வளவு கேட்கலாம்?' என்பதுதானே!

அப்படிக் கேட்க முடியாத பிள்ளைகளும் எல்லா வகுப்பிலும் உண்டு. வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு, 'வயிற்று வலி' என்று சொல்லி வீட்டிலேயே நின்று விடுவார்கள். பல ஆண்டுகள் வகுப்பறையில் இருந்தவன் என்பதால், அந்த வயிற்று வலியை எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கான மருந்து கடையில் இல்லை. உங்கள் வீட்டுப் பரணிலும், பழைய பேப்பர் மூட்டையிலும்தான் இருக்கிறது!

தாத்தா, பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் கூந்தலில் வண்டி, பனையோலையில் காற்றாடி, தென்னை ஓலையில் கைக்கடிகாரம், பூவரசம் இலையில் பீப்பீ என்று கதை கதையாகச் சொல்வார்கள். அவற்றை அண்ணன் செய்து தம்பிக்குக் கொடுப்பான். அக்கா செய்து தங்கைக்குக் கொடுப்பாள். உடைந்தால் மறுநாள் இன்னொன்று!

அரவிந்த் குப்தா என்ற பொறியாளரைப் பற்றிச் சொல்கிறேன். 1975ல் கான்பூர் ஐ.ஐ.டி.,யில் படிப்பை முடித்தவர். 1978ல், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில், கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்தில் பணியாற்றச் சென்றார். விலை உயர்ந்த கருவிகள் இல்லாமல் அறிவியல் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர் கையில் எடுத்தது என்ன தெரியுமா? தீக்குச்சியும், சைக்கிள் வால்டியூபும்! பிறகு, குப்பையில் போகும் பொருட்களிலிருந்து நூற்றுக்கணக்கான பொம்மைகளை உருவாக்கினார். 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்தத் தீக்குச்சிப் பொம்மையை நீங்களும் செய்யலாம். விளக்கேற்றிய பின் எறியும் மரக்குச்சிகளைச் சேர்த்து வையுங்கள். கருகிய நுனியை நீக்கி, எல்லாவற்றையும் ஒரே அளவாக நறுக்குங்கள். வால்டியூபை ஒன்றரை செ.மீ., துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால், வளையும் மூட்டு தயார்.

மூன்று குச்சிகளை மூன்று துண்டுகளால் இணைத்தால் முக்கோணம். நான்கு குச்சிகளை நான்கு துண்டுகளால் இணைத்தால் சதுரம். இப்போது இரண்டையும் விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். சதுரம் சாய்ந்து விடும், முக்கோணம் அசையாது! ஊருக்கு வெளியே நிற்கும் உயர் அழுத்த மின்கோபுரத்தில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்பது புரிகிறதா? ஒரு சிறிய டப்பாவில் முப்பது குச்சி, முப்பது டியூப் துண்டு போட்டுக் கொடுத்தால், உங்கள் நண்பன் ஒரு வாரம் வீடும், பாலமும் கட்டிக் கொண்டிருப்பான்.

வீட்டில் ஒன்றாம் வகுப்புத் தம்பியோ, தங்கையோ இருக்கிறார்களா? பழைய கல்யாணப் பத்திரிகைகளின் எழுத்தில்லாத பக்கத்தை ஒரே அளவாக வெட்டி, 31 அட்டைகள் செய்யுங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. அட்டைக்கு ஓர் எழுத்தாகப் பெரிதாக எழுதுங்கள். 'ம்' அட்டைக்குப் பக்கத்தில் 'ஆ' அட்டையை வைத்து, 'என்ன எழுத்து?' என்று கேளுங்கள். 'மா' என்று குதிப்பான் தம்பி! இந்த 31 அட்டைகளுக்குள் தமிழின் 247 எழுத்துக்களும் அடங்கி விடும்.

செய்யும்போது மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். ஒன்று, குப்பையைக் குப்பையாகவே கொடுக்கக் கூடாது. கழுவி, காய வைத்து, ஓரத்தைச் சீராக்கிய பிறகே கொடுக்க வேண்டும். இரண்டு, கத்தி, பிளேடு, ஊசி வேலையைப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். மூன்று, மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் எதையும் வாயில் போடுவார்கள். பொத்தான், மணி, குச்சி, டியூப் துண்டு எதுவும் அவர்கள் கைக்குப் போகக் கூடாது. கடிகாரத்தில் இருக்கும் பொத்தான் பேட்டரி மிகவும் ஆபத்து. அதை விழுங்கினால், தொண்டையும் உணவுக்குழாயும் வெந்து புண்ணாகி விடும்.

இதுவரை கொடுப்பவர்களுக்குச் சொன்னேன். இனி, வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிறந்த நாளுக்குப் பளபளக்கும் பெட்டிகளுக்கு நடுவே, செய்தித்தாளில் சுற்றிய சிறிய பொட்டலம் ஒன்று வரலாம். கொண்டு வந்தவன், உங்கள் முகத்தையே பார்த்துக் கொண்டு நிற்பான். அப்போது உதட்டைப் பிதுக்கி விடாதீர்கள். 'இவ்வளவுதானா?' என்று ஒரு சிரிப்பு எழுந்தால் போதும். அவன் மறுபடி எதையும் செய்ய மாட்டான். அடுத்த பிறந்த நாளுக்கு மீண்டும் வயிற்று வலி வந்து விடும்.

அதற்குப் பதிலாக, எல்லோர் முன்னாலும் பொட்டலத்தைப் பிரியுங்கள். 'இதை எப்படிச் செய்தாய்? எனக்கும் சொல்லிக் கொடு' என்று கேளுங்கள். ஒரு மாலை முழுவதும் உங்களை நினைத்து உட்கார்ந்து செய்தவனுக்கு, நீங்கள் திருப்பிக் கொடுக்கும் பரிசு அந்தக் கேள்விதான்.

என்ன செல்லங்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறலாமா? ஏணியைப் பிடித்துக் கொள்ள அப்பாவைக் கூப்பிட மறக்காதீர்கள்!

அன்புடன்,
உங்கள் வாத்தியார் தாத்தா.