நகர்த்த ஆள் உண்டு, நடத்த ஆள் இல்லை: ஜப்பானுக்கு வெளியே ஷோகி

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்குச் சொந்த மண்ணில் இப்போது நல்ல காலம். 14 வயதில் தொழில்முறை ஆட்டக்காரரான ஃபுஜி சோத்தா, 2017ஆம் ஆண்டு தொடர்ந்து 29 ஆட்டங்களில் வென்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். 2023 அக்டோபரில் ஷோகியின் 8 பெரும் பட்டங்களும் ஒரே நேரத்தில் அவர் கையில் இருந்தன. அதற்கு முன் எவரும் எட்டாத நிலை அது. 2024இல் ஜப்பான் ஷோகி சங்கம் நூற்றாண்டு கண்டது. தோக்கியோவிலும் ஒசாகாவை அடுத்த தக்காட்சுகியிலும் புதிய ஷோகி மண்டபங்கள் எழுந்தன. 2025 ஜூனில் ஷிமிசு இச்சியோ சங்கத்தின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

கடல் தாண்டினால் காட்சி வேறு. அங்கே ஷோகி என்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய காரின் பின்பெட்டியில் இருக்கிறது. பலகைகள், காய்ப் பெட்டிகள், இரண்டு மூன்று கடிகாரங்கள் எல்லாம் அதற்குள்தான். சனிக்கிழமை பிற்பகலில் நூலகத்தின் ஓர் அறையோ காப்பிக் கடையின் ஒரு மூலையோ கிடைத்தால் ஆட்டம் நடக்கும். பெட்டிக்குச் சொந்தக்காரர் வரவில்லை என்றால் அன்று ஆட்டம் இல்லை.

ஷோகியை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக ஒரு விளக்கம். 9க்கு 9 என 81 கட்டங்கள், ஆளுக்கு 20 காய்கள். சதுரங்கத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் விதி ஒன்று உண்டு. எதிராளியிடம் வெட்டிய காய் செத்துப் போவதில்லை. அது வெட்டியவரின் கைக்கு வந்துவிடும். பிறகு தம் முறை வரும்போது காலிக் கட்டம் ஒன்றில் அதை இறக்கித் தம் படையில் சேர்த்துக்கொள்ளலாம். அதனால்தான் இரு தரப்புக் காய்களும் ஒரே நிறம். கூர்முனை யாரை நோக்கி நீள்கிறதோ அவர் எதிராளி, அவ்வளவுதான்.

ஆட்டத்தின் வேரோ நமக்கு அந்நியமில்லை. இந்தியாவில் பிறந்த சதுரங்கம் கிழக்கே பயணப்பட்டு உருமாறிய வடிவங்களில் ஒன்றே ஷோகி என்பது வரலாற்றாளர்கள் பலரின் கருத்து. கெடா எல்லையைத் தாண்டித் தாய்லாந்துக்குள் போனால் மக்ருக் என்ற சதுரங்கம் ஆடப்படுகிறது. அதில் 'கோன்' என்ற காய் நகரும் விதமும் ஷோகியின் 'வெள்ளித் தளபதி' நகரும் விதமும் அச்சு அசலாக ஒன்றே: நேர் முன்னே ஒரு கட்டம் அல்லது நான்கு மூலைத் திசைகளில் ஒரு கட்டம்.

1924இல் பிறந்த இரு அமைப்புகள்

அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1924 ஜூலையில் பாரிஸில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தோக்கியோவில் பிறந்தது இன்றைய ஜப்பான் ஷோகி சங்கத்தின் மூல அமைப்பு. வயது ஒன்றானாலும் பிறவி வேறு. ஃபிடே என்பது நாடுகளின் சங்கங்கள் உறுப்பியம் பெற்ற கூட்டமைப்பு. ஷோகி சங்கமோ தொழில்முறை ஆட்டக்காரர்களின் அமைப்பு. அவர்களுடைய போட்டிகளை நடத்துவதே அதன் முதல் வேலை. அப்போட்டிகளுக்கு நீண்ட காலமாகப் பணம் கொடுத்து வருபவை நாளிதழ்கள். ரியூஓ பட்டத்துக்கு யோமியுரி, மெய்ஜின் பட்டத்துக்கு அசாஹியும் மைனிச்சியும். (சதுரங்கப் போட்டிக்கு நாளிதழ் பணம் கொடுக்கும் நாடும் உலகில் இருக்கிறது என்பதைப் பத்திரிகைக்காரர்கள் பெருமூச்சுடன் குறித்துக்கொள்ளலாம்.)

வெளிநாட்டு அமெச்சூர் ஆட்டக்காரர்களை இச்சங்கம் கைவிட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. கிளைகளை அங்கீகரிக்கிறது, தரச் சான்றிதழ் வழங்குகிறது, அவ்வப்போது ஆசிரியர்களை அனுப்புகிறது. 1999இல் தோக்கியோவில் தொடங்கிய அனைத்துலக ஷோகி மன்றம் மூன்றாண்டுக்கு ஒருமுறை பல நாட்டு ஆட்டக்காரர்களை ஒரு கூரையின்கீழ் கூட்டியது. 2011இல் அது பாரிஸ் அருகேயே நடந்தது. ஆனால் நாடுகளுக்கு வாக்குரிமை உள்ள உலகக் கூட்டமைப்பு ஒன்று ஷோகிக்கு அமையவில்லை. ஒரு நாட்டில் போட்டி நடக்க வேண்டுமானால் அந்த நாட்டில் இருக்கும் யாராவது இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தால்தான் உண்டு.

ஐரோப்பா அப்படித்தான் வளர்ந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹாட்ஜஸ் என்பவர் 1975இல் ஒரு ஷோகி சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டிலிருந்து 1987 வரை 'ஷோகி' என்ற பெயரிலேயே ஆங்கில இதழ் நடத்தினார். மொத்தம் 70 இதழ்கள். ஷோகி பற்றி ஆங்கிலத்தில் விரல்விட்டு எண்ணும் நூல்களே இருந்த காலத்தில், ஐரோப்பிய வாசகர்கள் பலருக்கு அதுவே பாடப்புத்தகம். 1985இல் ஐரோப்பிய ஷோகி சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. தரப் புள்ளிகளைக் கணக்கிடுவது, ஐரோப்பிய வெற்றியாளர் போட்டியை ஊர் மாற்றி ஊர் நடத்துவது எல்லாம் அதன் பொறுப்பு. அதை நடத்துகிறவர்கள் வேறு வேலை செய்து பிழைப்பவர்கள். நம் ஊர்ச் சிலம்பக் கழகங்களையும் கேரம் குழுக்களையும் நடத்துகிறவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை.

ஒரு போட்டி நாள்

ஷோகிப் போட்டி நடத்துவது சதுரங்கப் போட்டி நடத்துவது போலத்தான் என்று நினைத்து இறங்குபவர்கள் முதல் சுற்றிலேயே விழிப்பார்கள்.

முதல் தலைவலி எழுத்து. காய்களில் இருப்பது உருவமல்ல, ஜப்பானிய கான்ஜி எழுத்து. புதிதாக வருபவருக்குத் தளபதி எது, குதிரை எது என்று தெரியாது. படக்குறி போட்ட காய்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பழகியவர் பெரிய போட்டிக்குப் போகும்போது மறுபடி எழுத்தில்தான் ஆட வேண்டிவரும். எதைக் கொடுத்துத் தொடங்குவது என்பதில் ஏற்பாட்டாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

அடுத்தது கடிகாரம். அடிப்படை நேரம் தீர்ந்த பிறகு, ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி என்பதுபோல் எண்ணிக்கை ஓடும். பழைய முள் கடிகாரத்தில் இதைச் செய்ய முடியாது. அம்முறை உள்ள மின்னியல் கடிகாரம் மேசைக்கு ஒன்று வேண்டும். பத்து மேசை போட்டால் பத்துக் கடிகாரம். சின்னக் கழகத்துக்கு இது சின்னச் செலவில்லை.

பிறகு விதிமீறல். ஒரே நெடுவரிசையில் தம்முடைய மேம்படாத காலாள் ஒன்று இருக்கும்போது இன்னொன்றை இறக்கினால் அந்த நொடியே தோல்வி. எச்சரிக்கை இல்லை, திரும்ப எடுக்கும் சலுகை இல்லை. அனுபவசாலிகளே களைப்பில் இதைச் செய்துவிடுவது உண்டு. வெல்லும் நிலையில் இருந்த பத்து வயதுப் பிள்ளை இப்படித் தோற்று அழும்போது அதன் அருகில் உட்கார்ந்து பேச ஒருவர் தேவை. அந்த ஒருவர் பெரும்பாலும் ஏற்பாட்டாளர்தான். அவரும் அதே போட்டியில் ஆடிக்கொண்டிருப்பார்.

சாதகங்களும் இருக்கின்றன. ஷோகியில் வெற்றி தோல்வியின்றி முடியும் ஆட்டம் மிக அரிது. அதனால் சுற்றுகளின் முடிவு தெளிவாக வந்துவிடும். பலம் வாய்ந்தவர் தம் பக்கத்து யானையையோ மற்ற காய்களையோ எடுத்து வைத்துவிட்டு ஆடும் வழக்கம் ஷோகியில் மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. அது பாடத்திட்டத்தின் ஓர் அங்கம். பன்னிரண்டு பேர் மட்டும் வரும் கூட்டத்தில், ஒருவர் பத்தாண்டு ஆடியவர், இன்னொருவர் போன வாரம் கற்றவர் என்றால்கூட இருவருக்கும் சுவையான ஆட்டம் கிடைக்க இது ஒன்றே வழி. கராத்தேயைப் போல 'கியூ', 'டான்' என்று தரப்படிகள் இருப்பதால் எத்தனை காய் விட்டுக்கொடுப்பது என்பதற்கும் ஓர் அளவு உண்டு.

தோற்றவர் எழுந்து போய்விடுவதும் இல்லை. தலை வணங்கி, 'தோற்றுவிட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன்பின் இருவரும் காய்களைப் பழைய நிலைக்கு அடுக்கி, எந்த நகர்வில் ஆட்டம் திரும்பியது என்று சேர்ந்து தேடுவார்கள். பக்கத்து மேசைக்காரரும் வந்து குனிவார். கூட்டத்துக்கு ஆள் மறுபடி வருவது பரிசுக்காக அல்ல, இந்தப் பேச்சுக்காகத்தான்.

இயங்கலை தந்ததும் தராததும்

தொமோஹிதே கவாசாகி என்ற ஜப்பானியர் 'ஹிதெச்சி' என்ற பெயரில் ஆங்கிலத்தில் யூடியூப் பாடங்கள் தயாரித்தார். வெளிநாட்டினர் ஆடுவதற்கென்றே '81 டோஜோ' என்ற இயங்கலைத் தளத்தையும் உருவாக்கினார். போலந்தின் கரோலினா ஸ்டிச்சின்ஸ்கா பள்ளிப் பருவத்தில் 'நருட்டோ' மங்கா கதையில் ஷோகியைப் பார்த்து ஆர்வம் கொண்டவர். இயங்கலையில் ஆடித் தேறினார். ஜப்பானியப் பெண் தொழில்முறை ஆட்டக்காரர் கித்தாவோ மதோகாவின் கண்ணில் பட்டார். ஜப்பான் சென்று படித்தார். 2017 பிப்ரவரியில் பெண்கள் பிரிவில் தொழில்முறைத் தகுதி பெற்ற முதல் வெளிநாட்டவர் ஆனார்.

இந்த வெற்றிக் கதை அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது, சொல்லத் தகுந்ததும்கூட. ஆனால் அதை வைத்து, இனி கழகங்கள் தேவையில்லை, திறன்பேசி போதும் என்று முடிவு கட்டுவது தவறு. இயங்கலை ஆட்டக்காரர்களை உருவாக்குகிறது, ஏற்பாட்டாளர்களை உருவாக்குவதில்லை. ஒரே நகரில் இருபது பேர் தனித்தனி அறையில் அமர்ந்து ஜப்பானியருடன் ஆடிக்கொண்டிருக்கலாம். அவர்களில் யாராவது ஒருவர் மண்டபத்துக்குப் பணம் கட்டாதவரை, ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியவே தெரியாது.

கழகங்கள் மூடப்படும் காரணமும் பல ஊர்களில் ஒன்றுபோலத்தான். ஜப்பானிய நிறுவனத்தில் வேலையாக வந்தவர் ஒருவர் கழகத்துக்குத் தூணாக இருப்பார். மூன்று நான்கு ஆண்டில் அவருக்கு இடமாற்றம் வரும். பலகைகளோடு தொடர்புப் பட்டியலும் போய்விடும். அல்லது பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று துடிப்பாக நடத்தும். படிப்பு முடிந்ததும் கலையும்.

பிள்ளைகளிடம் போன இடங்களில்தான் வேர் பிடித்திருக்கிறது. பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் சிறுவர்களுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்ததன் பலனாக ஐரோப்பாவின் வலுவான ஆட்டக்காரர்கள் பலர் அங்கிருந்து வந்தார்கள். சீனாவின் ஷாங்காயில் ஷோகி பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே நுழைந்தது. பள்ளிக்குக் கொண்டு போக எளிய கருவியும் இருக்கிறது. கித்தாவோ மதோகா 2008இல் உருவாக்கிய 'டோபுட்சு ஷோகி'யில் 3க்கு 4 என 12 கட்டங்கள், 8 காய்கள்தான். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, கோழிக்குஞ்சு என விலங்குப் படங்கள். எந்தத் திசையில் நகரலாம் என்பது காயிலேயே புள்ளியாக இருக்கும். ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். கான்ஜி தெரியாத பிள்ளையும் வெட்டிய காயை இறக்கும் விதியைப் பிடித்துக்கொள்கிறது.

பட்ட ஆட்டங்களை வெளிநாட்டில் நடத்துவதும் ஒரு வழியாகப் பின்பற்றப்படுகிறது. 2008இல் ரியூஓ பட்டத்தின் முதல் ஆட்டம் பாரிஸில் நடந்தது. 2023 ஜூனில் கிசெய் பட்டத்தின் முதல் ஆட்டம் வியட்நாமின் டா நாங்கில் நடந்தது. ஃபுஜி சோத்தாவும் சசாக்கி டாய்ச்சியும் மோதினர். தென்கிழக்காசியாவுக்கு அது பெருமைதான். ஆனால் அத்தகைய ஆட்டத்தின் நேயர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் குழு விமானம் ஏறிவிடும். அதே அக்கறையில் ஒரு பங்கை உள்ளூர் ஏற்பாட்டாளர்களிடம் திருப்பினால் செய்ய வேண்டிய காரியங்கள் வெளிப்படையானவை: மேசைக்கொரு கடிகாரம், ஓர் ஆண்டுக்கு மண்டப வாடகை, உள்ளூர் மொழியில் விதிப்புத்தகம், ஓராண்டாவது தங்கிக் கற்பிக்கும் ஆசிரியர். தரச் சான்றிதழ் ஆடுகிறவருக்குக் கிடைக்கிறது. சனிக்கிழமைதோறும் பெட்டியைத் தூக்கி வந்து, கடைசியில் 40 காய்களையும் எண்ணி மூடிவிட்டு வீடு திரும்புகிறவருக்கு அடுத்த மாத வாடகைச் சீட்டுதான் கிடைக்கிறது.