தொழிலொழுக்கம் யாரிடம் கற்பது?

வைத்தியத்துக்கு வேண்டுவன யாவை என்று ஆராய்ந்த திருவள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, வைத்தியர், மருந்து, பணிவிடை செய்வோர் என நான்கு கூறுகளை எண்ணுகின்றார். அவற்றுள் நோயாளியே முதலில் நிற்பது கருதற்பாலது. இம்முறை நம் வைத்தியக் கல்விச்சாலைகளில் மாறாது நிற்கின்றதா என்பதே ஈண்டு ஆராயப் புகுவது.

தொழிலொழுக்கம் யாதென ஆசிரியரை வினவின், வேளை தவறாமை, தூய உடை, வருகைப் பதிவு, பெரியோர்க்குப் பணிதல் என்பர் பலர். மாணவரை வினவினோ, ஏழை நோயாளியிடம் ஆசிரியர் எவ்வாறு பேசுகின்றார், பிழை செய்த மாணவனைப் பலர் முன்னிலையில் எவ்வாறு ஏசுகின்றார் என்பதையே எடுத்துரைப்பர். முன்னவர் மாணவர் நடையை அளக்கின்றனர். பின்னவர் ஆசிரியர் நடையை அளக்கின்றனர். சொல் ஒன்றாயினும் பொருள் வேறாயிற்று.

ஆசிரியர் கவலை வீணன்று. அமெரிக்காவில் 2005-ம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, மாகாண வைத்திய சபைகளால் தண்டிக்கப்பட்ட 235 வைத்தியரை, அவர்கள் பயின்ற மூன்று கல்லூரிகளிலேயே பயின்ற வேறு 469 பேரோடு ஒப்பிட்டது. தண்டனை பெற்றோரிடம் பொறுப்பின்மை முதலிய குறைகள் மாணவப் பருவத்திலேயே மிகுதியாய்க் காணப்பட்டன. ஆதலின் இளமையிலேயே ஒழுக்கம் பயிற்றல் இன்றியமையாதது. ஆயின் அதனைப் பயிற்றுவது எது? இந்தியாவில் 2019 முதல் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவை வைத்தியப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளன. நன்றே. எனினும் வகுப்பில் ஒருமணி நேரம் கேட்டதை, வார்டில் ஒரு நிமிடம் கண்டது அழித்துவிடும்.

யான் மாணவனாயிருந்த காலத்து நிகழ்ந்ததொன்று கூறுவேன். எம் ஆசிரியர் இருபது மாணவர் சூழ, கிராமத்து மாதொருத்தியின் கட்டிலருகே நின்று, அவளை ஒரு வார்த்தையும் கேளாமலே சேலையை விலக்கி, வயிற்றுக் கட்டியின் இலக்கணங்களைத் தெளிவுற விளக்கினார். அவள் முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொண்டாள். மறைப்புத் திரை இரண்டடி தூரத்திலிருந்தது. அதனை இழுக்க எங்களில் ஒருவருக்கும் துணிவு வந்திலது. அன்று கற்ற இலக்கணம் பரீட்சைக்கு உதவிற்று. வாய்மூடி நிற்கவும் அன்றே கற்றோம். அவ்வாசிரியர் கொடியரல்லர், தம் ஆசிரியர் செய்யக் கண்டதையே செய்தார்.

மாணவர் ஆசிரியரை மதிப்பிடத் தொடங்கின் கட்டுப்பாடு கெடும் என்பர் சிலர். மாணவர் மதிப்பிட்டுக்கொண்டே இருக்கின்றனர். வாய்திறந்து சொல்லாமை ஒன்றே குறை. ஆகவே யான் வேண்டுவன இரண்டு. ஒவ்வொரு கட்டிலருகிலும் ஆசிரியரே முதலில் நோயாளியின் சம்மதத்தை மாணவர் செவிகேட்கப் பெறுக. மாணவர் நடைக்கு மதிப்பெண் இடுங்கால், ஆசிரியர் நடையைப் பற்றியும் மாணவர் பெயர் குறிக்காது எழுதும்படி செய்க.

இன்று யானும் ஆசிரியனே. சில மாதங்களுக்கு முன், பாடத்தின் விறுவிறுப்பில் யான் மறந்து நிற்க, பின்வரிசை மாணவியொருத்தி முன்வந்து மெல்லத் திரையை இழுத்தாள். எனக்கு முதலில் சினமே வந்தது. நன்றி பின்னரே வந்தது. அவ்வரிசை மாறும் நாளில்தான் யான் இத்தொழிலொழுக்கத்தைக் கற்றவனாவேன்.