பழைய பாட்டில் எல்லாம் புதையல் அல்ல

புதுவையில் பழைய வீடுகளை விற்றுப் பங்கு பிரிக்கும் காலம் இது. கட்டில், பீரோ, பித்தளைப் பாத்திரம் எல்லாம் ஆளுக்கொன்றாகப் போன பிறகு, அலமாரி மேல்தட்டில் ஒரு பாட்டில் மிஞ்சி நிற்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாத்தாவோ, பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமாவோ கொண்டுவந்த போர்ட் ஒயின். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் வாயில் அது 'போர்த்தோ'. உடனே யாராவது ஒருவர், "ஐம்பது வருஷத்துச் சரக்கு, வெளிநாட்டில் லட்சக்கணக்கில் போகும்" என்பார். அந்த நிமிஷத்திலிருந்து அது பாட்டில் இல்லை, சொத்து. அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போவதற்கு அது போதும்.

இந்தப் பேச்சைத்தான் நான் எதிர்க்கிறேன். பழசு என்பதாலேயே விலை ஏறும் என்ற கணக்கு போர்ட் ஒயினுக்குப் பொருந்தாது. இதை நம்பி ஏமாறுகிறவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியாக வாழும் நம் வயதுக்காரர்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, கணவர் விட்டுப்போன பாட்டிலை விற்றுத் தருவதாகச் சொன்ன ஒரு தரகரிடம், "மதிப்பீட்டுச் செலவு" என்று 5,000 ரூபாய் கொடுத்தார். பணமும் போயிற்று, பாட்டிலும் போயிற்று. அந்தப் பாட்டிலை அதற்கு முன்பே அவர் வீட்டில் பார்த்திருக்கிறேன். லேபிளில் ஆண்டு எதுவும் இல்லை. தக்கையின் தலையில் பிளாஸ்டிக் மூடி. அது என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தால் அவர் ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்க மாட்டார்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். போர்ட் ஒயின் போர்ச்சுகலின் வடக்கே தூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையிலிருந்து வருவது. 1756-லேயே அந்த நாட்டு அரசு அதற்கு எல்லை வகுத்துவிட்டது. திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே அதில் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்துவார்கள். இனிப்பு மிச்சமாகும், ஆல்கஹால் 20 சதவீதம் அளவுக்கு நிற்கும். மற்ற ஒயினைவிட அது அதிக நாள் தாங்குவதற்குக் காரணம் இதுதான். அதை வைத்துக்கொண்டு 'கெடவே கெடாது' என்று நம் ஆட்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

இதில் பல வகை உண்டு. நமக்கு வேண்டியது இரண்டுதான். ஒன்று டானி. இது வருஷக்கணக்கில் மரப் பீப்பாயில் வளர்ந்து, பழுப்பு நிறமாகி, குடிக்கத் தயாரான பிறகுதான் பாட்டிலுக்கு வரும். அரசு ஊழியர் பாஷையில் சொன்னால், பாட்டிலில் அடைத்த நாள் அதற்கு ஓய்வு பெற்ற நாள். அதற்குப் பிறகு இன்கிரிமென்ட் கிடையாது. அலமாரியில் முப்பது வருஷம் நின்றால் முப்பது வருஷம் மங்கும், அவ்வளவுதான். இன்னொன்று விண்டேஜ். நல்ல விளைச்சல் ஆண்டு என்று அறிவித்து, அந்த ஒரே ஆண்டுத் திராட்சையில் செய்து, இரண்டு மூன்று வருஷத்துக்குள் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். இதற்குச் சர்வீஸ் தொடங்குவதே பாட்டிலுக்குள் போன பிறகுதான். பல பத்தாண்டுகள் வளரக்கூடியது இதுதான். ஏலக் கூடங்களில் முக்கியமாகத் தேடுவதும் இதைத்தான்.

ஆகவே லேபிளை வாசியுங்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ரோமன் எழுத்து பழக்கம். ஆனால் இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், எண்ணைப் பார்க்கத் தெரிந்தால் போதும். எந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் சூது இருக்கிறது. லேபிளில் 1790 என்று போட்டிருந்தால் அது 1790-இல் செய்த ஒயின் அல்ல. சாண்டமன் என்ற நிறுவனம் தொடங்கிய ஆண்டு அது. கோப்கே 1638, டெய்லர் 1692 என்பதும் அப்படியே. கடைப் பலகையில் 'ஸ்தாபிதம்' என்று எழுதுகிறோமே, அதே கதை. இதைக் காட்டி "இருநூறு வருஷத்துப் பாட்டில்" என்கிறவரிடம் விவாதிக்காதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது, '20 ஆண்டு' என்று போட்டிருக்கும் டானி. பல ஆண்டு ஒயின்களைக் கலந்து அந்த வயதுக்குரிய ருசிக்குக் கொண்டுவந்தது என்று அர்த்தம். நீங்கள் வாங்கி வைத்து 30 வருஷம் ஆனதால் அது 50 ஆண்டு டானி ஆகிவிடாது. மூன்றாவது, 'கொல்யேய்த்தா' என்ற போர்ச்சுகீசியச் சொல். ஒரே ஆண்டுத் திராட்சை, ஆனால் குறைந்தது ஏழு வருஷம் பீப்பாயில் இருந்தது. இதில் விளைச்சல் ஆண்டும் இருக்கும், பாட்டிலில் அடைத்த ஆண்டும் இருக்கும். இரண்டையும் பாருங்கள். 1963 என்று ஒரு எண்ணை மட்டும் பார்த்து, புகழ்பெற்ற 1963 விண்டேஜ் என்று குதிப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு பொருள்.

இனி தக்கை. மேலே பிளாஸ்டிக் தொப்பி வைத்த, கையால் திருகி எடுக்கும் தக்கை என்றால், திறந்து குடி என்று செய்தவரே சொல்லிவிட்டார். விண்டேஜ் பாட்டிலுக்கு நீளமான முழுத் தக்கை இருக்கும். அதில் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் பொறித்திருப்பது வழக்கம். லேபிள் உதிர்ந்துபோன பாட்டிலை அடையாளம் காண அதுவே சாட்சி. வெளிச்சத்தில் பிடித்தால் ஒயின் கழுத்துவரை நிற்கிறதா, தோள்பட்டைக்கு இறங்கிவிட்டதா என்று தெரியும். இறங்கியிருந்தால் தக்கை வழியாகக் காற்று போயிருக்கிறது என்று பொருள். மதிப்பும் கூடவே இறங்கும்.

நம் வீடுகளில் எது இருக்க வாய்ப்பு என்று யோசியுங்கள். விண்டேஜைக் கொண்டாடி, நிலவறையில் படுக்கவைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தவர்கள் ஆங்கிலேயர்கள். பிரெஞ்சுக்காரருக்குப் போர்த்தோ என்பது சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்னக் கிளாஸ், 'அபெரித்திஃப்'. அதற்கு அவர்கள் வாங்குவது பெரும்பாலும் கடையில் கிடைக்கும் சாதாரண டானியும் ரூபியும். நம் தாத்தாவும் மாமாவும் அங்கிருந்து வாங்கிவந்தது வேறென்னவாக இருக்கும்? இதில் அவமானம் ஒன்றும் இல்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆசையாக வாங்கிவந்தது. கோவாவில் செய்து 'போர்ட் ஒயின்' என்ற பெயரில் விற்கும் இனிப்பு ஒயினோ இந்தக் கணக்கிலேயே வராது. அது தூரோ சரக்கு அல்ல.

"அப்படியானால் வெளிநாட்டில் பெரிய விலைக்குப் போவதாகப் படிக்கிறோமே, அது பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய் இல்லை. 1945 போன்ற ஆண்டின் நல்ல விண்டேஜ் பாட்டில், படுக்கவைத்து, இருட்டில், 12 முதல் 15 டிகிரி குளிர்ச்சியில் கிடந்து, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற விவரத்தோடு வந்தால் விலை போகும். நம் அலமாரியில் நின்றபடி, எத்தனையோ சித்திரை வெயிலைத் தாண்டிய பாட்டிலுக்கு அந்த விலையைச் சொல்வதுதான் பொய். தவிர, உரிமம் இல்லாமல் மது விற்பது நம் ஊரில் குற்றம். தரகர் இதை உங்களிடம் சொல்லமாட்டார்.

செல்போனில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்து விலை சொல்கிறவரை நம்பாதீர்கள். மதிப்பிடுவதற்கு முன்பணம் கேட்பவரை வாசற்படி ஏற்றாதீர்கள். நான் சொன்ன அடையாளங்களைப் பார்த்து, உண்மையிலேயே விண்டேஜ் என்று தோன்றினால், பெயர் பெற்ற ஏலக் கூடத்துக்கு நீங்களே கடிதம் எழுதிக் கேளுங்கள். மற்றபடி அது சாதாரண டானி என்றால் சண்டை எதற்கு? வாங்கிவந்தவர் உயிரோடு இருந்தால் அவரை உட்காரவைத்துத் திறங்கள். இல்லையென்றால் அவர் திவசத்தன்று அண்ணன் தம்பி கூடும்போது திறங்கள். குடிக்கும்படி இருந்தால் ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ். புளித்திருந்தால் கொட்டிவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள். அவர் இதை வாங்கிவந்தது நீங்கள் கோர்ட்டுக்குப் போவதற்காக அல்ல.