மூக்கில் ரத்தம்... பழைய கிட்னி ஆபரேஷனை டாக்டரிடம் சொன்னீங்களா?

மூக்கில் அடிக்கடி ரத்தம். ஸ்கேனில் ரத்தக்குழாய்க் கட்டி போலத் தெரிகிறது. அபூர்வமாக, அது பத்து வருஷம் முன்பு அகற்றிய சிறுநீரகப் புற்றுநோயின் பரவலாகவும் இருக்கலாம்!

காரணம், விஹெச்எல் மரபணு. ஆக்சிஜன் குறைந்தால் மட்டும் புது ரத்தக்குழாய் வளர விடுவது இதன் வேலை. ‘கிளியர் செல்’ வகைப் புற்றுநோயில் பெரும்பாலும் இது செயலிழந்துவிடும். ஆக்சிஜன் இருந்தும், மூச்சு முட்டுவதாக நினைத்து ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொண்டே போகும் புற்றுசெல். (செல்களின் இந்த ஆக்சிஜன் கணக்குக்குத்தான் 2019 மருத்துவ நோபல்.) பரவிய இடத்திலும் அதே கதைதான். தெரியாமல் பயாப்ஸி எடுத்தால் ரத்தம் கொட்டலாம். தெரிந்தால், தேவைப்படும்போது ரத்த ஓட்டத்தை அடைத்துவிட்டு ஆபரேஷனை ஆரம்பிக்கலாம்.

கேட்க வேண்டியது டாக்டரின் பொறுப்புதான். ஆனா ‘அது எப்பவோ முடிஞ்சு போச்சே’ என்று நாமும் விட்டுவிடுகிறோம். அப்பாவின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை இன்றே போட்டோ எடுத்து மொபைலில் வைங்க.