புது டிஸ்க் கடையில் கிடைக்கும், உள்ளே இருந்தது?



"ஹார்ட் டிஸ்க் போனா என்ன? புதுசு வாங்கி மாட்டிட்டாப் போச்சு!" என்று நம்மில் சொல்லாத ஆளில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி, சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் மாற்றிச் சொருகப் பத்து நிமிடம் போதும். மாற்றுவது பெரிய வேலையில்லை. மீட்பதுதான் வேலை என்பதே என் கட்சி.

1956-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 50 தட்டுகள்; கொள்ளளவு சுமார் 50 லட்சம் எழுத்துகள்தான். இன்று கையகல டிஸ்க்கில் டெராபைட் கணக்கில் அடங்குகிறது. ஆனால் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டு ஒருநாள் நிற்கத்தானே செய்யும்? எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. அது போகும்போது பல சமயம் சத்தம்கூடப் போடாது. போதாக்குறைக்கு, குற்றாலத்தில் சாரல் இறங்கினால் நம்மூர் கரண்ட் கண்ணாமூச்சி ஆடும்!

"நான்தான் டி டிரைவில் காப்பி வச்சிருக்கேனே" என்பார் சிலர். சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள் என்றால், வீடு இடிந்தபின் எந்த அறை மிஞ்சும்? "கூகுள் டிரைவ் இருக்கே" என்பார் வேறு சிலர். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்படி இணைத்திருந்தால், அதன் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கெடு.

பேக்கப் இருந்தால் மட்டும் போதுமா? 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறுதலாக அழிந்தன. பேக்கப்பும் சரியாக வேலை செய்யவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்த்த ஓர் ஊழியரின் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது. மீட்டுப் பார்க்காத பேக்கப், நீச்சல் தெரியும் என்று கரையில் நின்று சொல்வது போலத்தான்!

இந்தப் புத்தி நம்மூருக்குப் புதிதல்ல. 15-ஆம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்குக் குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவரின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்லில் பாட்டே வெட்டிவைத்தான். கட்டும்போதே பழுதை நினைத்தவன் அவன்! நெடுங்காலம் சிதைந்து நின்ற ராஜகோபுரம் ஒன்பது நிலையோடு மீண்டும் எழுந்து, 1990-இல் குடமுழுக்குக் கண்டது.

நாமோ ஃபார்மேட் பண்ணவும் விண்டோஸ் போடவும் கற்கிறோம், மீட்கக் கற்பதில்லை. ஆகவே என் கோரிக்கை இதுதான். செமஸ்டருக்கு ஒரு நாள், லேபில் ஒரு கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றி வேறு டிஸ்க் மாட்ட வேண்டும். பென் டிரைவில் பூட் செய்து, வெளி டிஸ்க்கிலுள்ள சிஸ்டம் இமேஜை ஏற்ற வேண்டும். கோப்புகளைத் திறந்து பார்த்தால்தான் மதிப்பெண்! வேலை முடிந்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றியே வைக்கணும். 2017-இல் வந்த வானாக்ரை மாதிரி வைரஸ், மாட்டிக் கிடப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

நம்மில் பலர் வீட்டிலேயே படிக்க வந்த முதல் ஆள். ப்ராஜெக்ட் அழிந்து ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால், அது அப்பாவின் கூலியில்தான் விழும். டிஸ்க்குக்கு வாரண்டி உண்டு; நம் உழைப்புக்கு எவன் தருவான் வாரண்டி? நாமேதான் தரணும். இந்த வாரமே தொடங்குவோமா தோழர்களே?